பெருக்கல் மதிப்பீடு பிழைக்கும்போது: அறிகுறியைப் பார்த்துத் திருத்தும் வழிமுறை

இலங்கையின் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் பல்தேர்வுத் தாளில் 40 வினாவுக்கு ஒரு மணித்தியாலம். அதாவது ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடம். க.பொ.த. சாதாரண தரக் கணிதத்தின் முதலாம் வினாத்தாளுக்கு இரண்டு மணித்தியாலம். அதற்குள் ஏ பகுதியின் 25 குறுவினாவும் பீ பகுதியின் 5 வினாவும் முடிய வேண்டும். இரண்டு பரீட்சையிலும் கல்குலேற்றருக்கு இடமில்லை. அதனால் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ரியூசன் போகும் பிள்ளைகளில் ஏதாவது ஒரு பெருக்கல் குறுக்கு வழி தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தும் புள்ளி போகிறது. போகும் விதங்கள் அதிகமில்லை. ஒரே ஏழெட்டுப் பிழைதான் ஆளுக்கு ஆள் மாறி வருகிறது.

திருத்தத் தொடங்கும் முன், கடைசியாக எழுதிய இரண்டு மாதிரித் தாள்களை எடுங்கள். புள்ளியைப் பார்க்க வேண்டாம், செய்கை எழுதிய ஓரத்தைப் பாருங்கள். பிழைத்த பெருக்கல் ஒவ்வொன்றையும் வட்டமிட்டு, கீழே உள்ள எந்தத் தலைப்புக்குள் அது வருகிறது என்று பக்கத்தில் குறியுங்கள். எந்தத் தலைப்பு அதிகம் வருகிறதோ அதிலிருந்து தொடங்குங்கள். எல்லாவற்றையும் ஒரே கிழமையில் திருத்தப் போனால் ஒன்றும் திருந்தாது.

## அறிகுறி 1: மதிப்பீடு இரண்டு விடைகளுக்கு நடுவில் விழுகிறது

அதிகம் வருவது இதுதான். ஒரு வினாவை எடுத்துக்கொள்வோம்: 48 × 67. விடைகள் 3016, 3216, 3416, 3616. பிள்ளை 50 × 70 என்று மட்டந்தட்டி, அதாவது கிட்டிய பத்துக்கு மாற்றி, 3500 எடுக்கிறது. 3500 நிற்பது 3416க்கும் 3616க்கும் இடையில். கிட்ட இருப்பது 3416 என்று கோடு போட்டுவிட்டு அடுத்த வினாவுக்குப் போகிறது. சரியான விடை 3216.

முதல் காரணம்: விடைகளைப் பார்க்காமல் மட்டந்தட்டியது. செலவில்லாத திருத்தம் இது, பலருக்கு இதுவே போதும். பேனை பெருக்கலைத் தொட முன்னர் விடைகளின் இடைவெளியைப் பாருங்கள். இங்கே இடைவெளி 200. அதில் பாதி, அதாவது 100தான், உங்கள் மதிப்பீடு பிழைக்கக்கூடிய ஆகக்கூடிய அளவு. 3200இல் 100 என்பது நூற்றுக்கு 3. ஆனால் 48ஐ 50 ஆக்கியதே நூற்றுக்கு 4 கூட்டிவிட்டது. 67ஐ 70 ஆக்கியது இன்னும் நாலரை. இரண்டும் சேர்ந்து நூற்றுக்கு எட்டரைக்கு மேல். மூன்றுக்கு மேல் தாங்காத இடத்தில் எட்டரை போனால் விடை தப்பத்தான் செய்யும்.

இந்தக் கணக்கைப் பரீட்சையில் முழுதாகச் செய்யத் தேவையில்லை. விடைகளைப் பார்த்து மூன்றில் ஒன்றைத் தீர்மானித்தால் போதும்:

- விடைகள் பத்து மடங்காக விலகி நின்றால் (1804, 18 044, 180 440 போல), ஒவ்வொரு எண்ணிலும் முதல் இலக்கத்தை மட்டும் வைத்துப் பெருக்குங்கள்.
- பத்தில் ஒரு பங்குக்கு மேல் விலகி நின்றால், ஒரு எண்ணைக் கூட்டி மற்றதைக் குறைத்து மட்டந்தட்டுங்கள்.
- அதைவிட நெருங்கி நின்றால், மட்டந்தட்டியதோடு நிறுத்தாமல் கழிவையும், அதாவது மட்டந்தட்டும்போது கூடிய அல்லது குறைந்த அளவையும், திருத்த வேண்டும். அல்லது மதிப்பீட்டை விட்டுவிட்டு வேறு சோதனை செய்ய வேண்டும்.

இரண்டாவது காரணம்: மட்டந்தட்டிய பிறகு கழிவைத் திருத்தாதது. 50 × 70 = 3500 பிழையான தொடக்கமல்ல, பாதியில் நின்றதுதான் பிழை. 48இல் 2 கூடியது, அதனால் 2 × 70 = 140 கழியுங்கள். 67இல் 3 கூடியது, அதனால் 3 × 50 = 150 கழியுங்கள். 3500 − 290 = 3210. பக்கத்தில் நிற்பது 3216 மட்டும். துல்லியமாக வேண்டுமானால் இரண்டு கழிவையும் பெருக்கி, 2 × 3 = 6, கூட்டுங்கள்: 3216.

இன்னும் குறுகிய வழி, ஒரு எண்ணை மட்டும் தொடுவது. 50 × 67 = 3350. அதிலிருந்து 2 × 67 = 134 போனால் 3216. ஒரு எண் 10இன் மடங்குக்கு 1 அல்லது 2 தள்ளி நின்றால் எப்போதும் இந்த வழியையே எடுங்கள். மற்ற எண்ணைத் தொடாதீர்கள்.

மூன்றாவது காரணம்: மதிப்பீட்டுக்குப் பொருந்தாத வினா. விடைகள் 3216, 3226, 3236, 3316 என்று வந்தால் மதிப்பீட்டால் பிரிக்க முடியாது. கடைசி இலக்கமும் உதவாது, நாலும் 6இல்தான் முடிகிறது. வினா அமைத்தவர் இப்படி வைப்பது வேண்டுமென்றேதான். இங்கே இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கும் சோதனையைச் செய்யுங்கள். 48: 4 + 8 = 12, 1 + 2 = 3. 67: 6 + 7 = 13, 1 + 3 = 4. 3 × 4 = 12, அதாவது 3. இப்போது விடைகள்: 3216இன் இலக்கங்கள் 12, அதாவது 3. 3226க்கு 4. 3236க்கு 5. 3316க்கு 4. மூன்று வருவது ஒன்றுதான். பழகிய கைக்கு இது பத்து விநாடி வேலை.

இந்தச் சோதனை பிடிக்காத பிழைகளில் முக்கியமானவை இரண்டு. இலக்கங்கள் இடம் மாறினால் (3216க்குப் பதில் 3261) கூட்டுத்தொகை மாறாது. பூச்சியம் கூடினாலும் குறைந்தாலும் மாறாது. ஆகவே இதைத் தனியே நம்பாமல் மதிப்பீட்டோடு சேர்த்துப் பாவியுங்கள். பருமனை மதிப்பீடு பார்க்கும், இலக்கங்களை இது பார்க்கும்.

நாலாவது காரணம்: வாய்பாடு ஆட்டம் காண்கிறது. மேலே சொன்ன எல்லாம் செய்தும் விடை தப்பினால் குறுக்கு வழியில் குறை இல்லை. கடைசித் தலைப்புக்குப் போங்கள்.

## அறிகுறி 2: மதிப்பீடு எப்போதும் கூடவே வருகிறது, அல்லது எப்போதும் குறையவே வருகிறது

ஒரு பக்கமாகச் சாய்வதற்குக் காரணம் கைப்பழக்கம். சம்மாந்துறையில் ஏக்கருக்கு 38 மூட்டை வீதம் 27 ஏக்கரில் எத்தனை மூட்டை நெல் என்று கேட்டால், 40 × 30 = 1200 என்று எழுதும் கை இது. உண்மையான விடை 1026. 174 மூட்டை அதிகமாகப் போய்விட்டது. இரண்டு எண்ணையும் மேல்நோக்கி மட்டந்தட்டினால் பிழை கூடிக்கொண்டே போகும்.

ஒன்றை மேலே கொண்டுபோனால் மற்றதைக் கீழே கொண்டுவாருங்கள்: 40 × 25 = 1000. உண்மைக்கு 26தான் குறைவு. 48 × 73 போன்ற எண்களில் இது இன்னும் அழகாக வரும்: 50 × 70 = 3500, உண்மை 3504.

இதைக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் அடுத்து விழும் குழி ஒன்று உண்டு. கூட்டிய அளவும் குறைத்த அளவும் சமமாக இருக்க வேண்டும் என்று நினைப்பார்கள். 48 × 73ஐ 50 × 71 ஆக்குவார்கள்: 2 கூட்டி 2 குறைத்தாயிற்று. விடை 3550, உண்மையைவிட 46 கூட. சமமாக இருக்க வேண்டியது அளவு அல்ல, பங்கு. 48இல் 2 எவ்வளவு பங்கோ, 73இல் 3 ஏறக்குறைய அதே பங்கு. அதனால்தான் 70 பொருந்துகிறது. பெரிய எண்ணில் கொஞ்சம் அதிகமாக நகரலாம், சிறிய எண்ணில் குறைவாகத்தான் நகரலாம்.

சிறிய எண்ணானால்: 12 முதல் 19 வரையான எண்களை மட்டந்தட்டவே வேண்டாம். 94ஐ 90 ஆக்கினால் நூற்றுக்கு 4 போகும். 14ஐ 10 ஆக்கினால் நூற்றுக்கு 28க்கு மேல் போகும். 14 × 83க்கு 10 × 80 போட்டு 800 எடுத்தவர் 1162க்குப் பக்கத்தில்கூட இல்லை. 14 × 80 = 1120, மேலே 14 × 3 = 42.

வர்க்கமானால்: ஒரே எண்ணை இரு தடவை பெருக்கும்போது இரண்டும் ஒரே பக்கம்தான் சாயும். அதற்கு ஒரு பக்கம் கூட்டி மறுபக்கம் குறையுங்கள், கூட்டிய எண்ணின் வர்க்கத்தைக் கடைசியில் சேருங்கள். 37 × 37: 40 × 34 = 1360, அதோடு 3 × 3 = 9. விடை 1369.

வட்டத்தின் பரப்பளவானால்: 22/7ஐ 3 என்று எடுப்பது நூற்றுக்கு நாலரை குறைப்பது. ஆரை 3.5 ஆனால் 3 × 12.25 = 36.75. இருபதில் ஒரு பங்கைக் கூட்டினால் 38.6 வரும். சரியான விடை 38.5. இருபதில் ஒரு பங்கு கூட்டுவதை மறக்காவிட்டால் வட்டமும் உருளையும் வரும் வினாக்களில் விடை சரிபார்க்க இது நல்ல துணை.

## அறிகுறி 3: இலக்கங்கள் சரி, பூச்சியமோ தசமப் புள்ளியோ பிழை

மற்றப் பிழைகளைவிட இது மோசமானது. பிள்ளை தன் விடையைத் திரும்பப் பார்த்தாலும் இலக்கங்கள் சரியாகத் தெரிவதால் பிழை கண்ணில் படாது.

தசமம் என்றால். 0.38 × 0.52. பிள்ளை 38 × 52 = 1976 என்று சரியாகப் பெருக்கிவிட்டு 1.976 என்றோ 19.76 என்றோ எழுதும். தசம தானங்களை எண்ணிப் புள்ளி வைப்பது சரியான விதிதான், அவசரத்தில் எண்ணுவதுதான் தவறுகிறது. எண்ணுவதற்கு முன் ஒரு வசனம் மனதுக்குள் சொல்லப் பழக்குங்கள்: 0.52 என்பது அரை, 0.38இல் அரை 0.19. ஆகவே விடை 0.19க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும்: 0.1976. ஒன்றைவிடச் சிறிய எண்ணால் பெருக்கினால் விடை குறையும் என்பதை விதியாகச் சொல்லிக் கொடுத்தால் மறந்துபோகும். அரையில் அரை என்று சொல்லிக் கொடுத்தால் மறக்காது. 0.25க்குக் கால், 0.75க்கு முக்கால், 0.1க்குப் பத்தில் ஒன்று. இந்த நாலோடு எல்லாத் தசமத்தையும் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கலாம்.

பூச்சியத்தில் முடியும் எண்கள் என்றால். 500 × 80. ஐந்து எட்டு நாற்பது. நாற்பதில் ஒரு பூச்சியம் ஏற்கெனவே இருக்கிறது, வினாவில் மூன்று பூச்சியம். பிள்ளை விடையில் மூன்று பூச்சியம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்து 4000 என்று முடிக்கும். திருத்தம்: 40 என்று முதலில் எழுதி, அதற்குக் கீழே சிறு கோடு போட்டு, கோட்டுக்குப் பிறகே மூன்று பூச்சியத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். பிறகு வாயால் சொல்லிப் பார்க்கட்டும்: ஆயிரம் தடவை எண்பது எண்பதாயிரம், ஐந்நூறு தடவை அதில் பாதி, நாற்பதாயிரம். இலட்சத்தைத் தாண்டும் விடைகளுக்கும் இதுவே. 400 × 600ஐ 24 000 என்று எழுதியவர் அதை இருபத்துநாலாயிரம் என்று வாயால் சொன்னால், 400 × 100 மட்டுமே நாற்பதாயிரம் ஆகுமே என்று தானே நிற்பார். விடை இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம்.

கிலோவும் கிராமும் என்றால். களுவாஞ்சிகுடிச் சந்தையில் ஒரு கிலோ மீன் 1240 ரூபாய், 3 கிலோ 50 கிராம் எவ்வளவு என்பது மாதிரி வினா. 3 கிலோ 50 கிராமை 3.5 என்று எழுதிவிடும் கை, 4340 என்று விடை தரும். எழுத வேண்டியது 3.05, விடை 3782. இங்கே மதிப்பீடு செய்ய எண் கணிதமே தேவையில்லை. மூன்று கிலோ 3720. மிச்சம் இருப்பது ஐம்பது கிராம் மீன். அதற்கு அறுநூறு ரூபாய் யாரும் கொடுக்கமாட்டார்கள். சந்தைக்குப் போய்வரும் பிள்ளைக்கு இந்த அறிவு ஏற்கெனவே இருக்கிறது, பரீட்சைத் தாளில் அதைப் பாவிக்கலாம் என்று சொல்லிக்கொடுப்பது மட்டுமே மிச்சம்.

மடக்கை அட்டவணை என்றால். சாதாரண தரத்தில் 7.85 × 0.042 போன்றதை மடக்கையில் செய்யும்போது அட்டவணையில் எடுக்கும் இலக்கங்கள் பிழைப்பது குறைவு. பிழைப்பது சிறப்பியல்பு (மடக்கையின் முழுவெண் பகுதி), அதாவது மேலே கோடிட்ட எண்ணைக் கூட்டும் இடம். 0.8949உடன், சிறப்பியல்பு மேல்கோடிட்ட 2ஆக இருக்கும் .6232ஐக் கூட்டும்போது .8949 + .6232 தரும் 1ஐ மறந்தால் விடை 0.03297 ஆகிவிடும். அட்டவணையைத் தொட முன்னர் தாளின் ஓரத்தில் 8 × 0.04 = 0.32 என்று எழுதிவைத்தால் இந்தப் பிழை தப்பிப் போக வழியில்லை. சரியான விடை 0.3297. மடக்கை வினா ஒவ்வொன்றுக்கும் இந்த ஓர வரி கட்டாயம். ஐந்து விநாடிக்கு மேல் எடுக்காது.

## அறிகுறி 4: குறுக்கு வழி வழமையான பெருக்கலைவிட மெதுவாகப் போகிறது

நேரம் போவது பெருக்குவதில் அல்ல, எந்த வழி என்று யோசிப்பதில். யூரியூப்பில் பார்த்த இருபது வித்தையைத் தலையில் வைத்திருக்கும் பிள்ளைக்கு இது கட்டாயம் வரும். மூன்று விநாடிக்குள் வழி தெரியாவிட்டால் வழமையான பெருக்கலுக்குப் போய்விட வேண்டும். அதில் எந்தக் குறைச்சலும் இல்லை.

வித்தைகளைக் குறையுங்கள். பரீட்சைக்கு இவ்வளவு போதும்:

5, 25, 125 வந்தால் முறையே 10, 100, 1000 ஆல் பெருக்கி 2, 4, 8 ஆல் வகுப்பது. 36 × 25 என்றால் 36இல் கால் 9, விடை 900. 48 × 125 என்றால் 48இல் எட்டில் ஒன்று 6, விடை 6000.

ஒன்றை இரட்டித்து மற்றதைப் பாதியாக்குவது. மருதமுனைச் சாறம் ஒன்று 1850 ரூபாய், 24 சாறம் எவ்வளவு என்றால் 12 × 3700, பிறகு 6 × 7400, விடை 44 400. 650 ரூபாய்த் தயிர்ச் சட்டி 18 என்றால் 9 × 1300, அதாவது 11 700. ஒரு எண் 5இலோ 50இலோ முடிந்து மற்றது இரட்டை எண்ணாக இருந்தால் வேறு எதையும் யோசிக்காமல் இதை எடுங்கள்.

99, 98, 101 போன்றவற்றுக்கு நூறால் பெருக்கிக் கழிப்பது அல்லது கூட்டுவது: 37 × 99 = 3700 − 37 = 3663.

நடுவில் பத்தின் மடங்கோ 5இல் முடியும் எண்ணோ இருக்க, இரு பக்கமும் சம தூரத்தில் நிற்கும் எண்கள். 48 × 52 என்றால் நடு 50, தூரம் 2: 2500 − 4 = 2496. 37 × 43 என்றால் 1600 − 9 = 1591. 45 × 65க்கு நடு 55: 3025 − 100 = 2925.

இவற்றைத் தெரிந்துகொள்வது வேறு, வினாவில் அடையாளம் காண்பது வேறு. அடையாளம் காணப் பழக ஒரு பயிற்சி இருக்கிறது. இருபது பெருக்கலை ஒரு தாளில் கலந்து எழுதுங்கள். விடை காண வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கால், பாதி, கழி, நடு, வழமை என்று ஒரு சொல் மட்டும் எழுதட்டும். இருபதும் ஒரு நிமிடத்தில் முடிய வேண்டும். முதல் நாள் இரண்டு நிமிடத்துக்கு மேல் போகும், நாலைந்து நாளில் இறங்கிவிடும். வழி சரியா என்று மட்டும் திருத்துங்கள். விடை காண்பதை மறுகா பார்க்கலாம்.

## அறிகுறி 5: நூறுக்குப் பக்கத்து வித்தையும் பத்துக்கூட்டு வித்தையும் சிலநேரம் வேலை செய்கின்றன, சிலநேரம் இல்லை

96 × 93: நூறுக்கு 4ம் 7ம் குறைவு. 96இலிருந்து 7 போனால் 89, 4 × 7 = 28, விடை 8928. இதுவரை பிரச்சினை இல்லை.

பிற்பகுதி ஓரிலக்கமானால்: 97 × 98. 95, பிறகு 3 × 2 = 6. பிள்ளை 956 என்று எழுதும். பிற்பகுதிக்கு எப்போதும் இரண்டு இடம்: 9506.

பிற்பகுதி மூவிலக்கமானால்: 88 × 87. 75, பிறகு 12 × 13 = 156. 75156 அல்ல, நூறு முன்னுக்குப் போகும்: 7656.

பத்தினிடத்தில் இரண்டுக்கும் ஒரே இலக்கம் இருந்து ஒன்றினிடம் கூட்டப் பத்து வரும் எண்களிலும் இதே கதைதான். 63 × 67க்கு 6 × 7 = 42, 3 × 7 = 21, விடை 4221. 61 × 69க்கு 42, 9 என்று வர 429 என்று எழுதிவிடுவார்கள், விடை 4209. 63 × 68க்கு இந்த வித்தை பொருந்தாது, 3ம் 8ம் 11. பொருந்துமா என்று கூட்டிப் பார்க்காமல் தொடங்குவதுதான் இங்கே வழக்கமான பிழை.

எல்லாவற்றுக்கும் ஒரே சோதனை: இரண்டு ஈரிலக்க எண்கள் நூறுக்குப் பக்கத்தில் இருந்தால் விடை பத்தாயிரத்துக்குச் சற்றுக் கீழே நாலிலக்கத்தில் நிற்கும். அறுபதுகளில் இருந்தால் 3600க்கும் 4900க்கும் இடையில் நிற்கும். 956ம் 429ம் அங்கேயே பிடிபடும்.

## அறிகுறி 6: வீட்டில் சரி, பரீட்சை மண்டபத்தில் பிழை

பதற்றம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். முதலில் ஓரத்தைப் பாருங்கள். செய்கை எழுதிய இடத்தில் எண்கள் சாய்ந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, இரண்டாவது வரி ஓரிடம் தள்ளிப் போய் நிற்கும். 1ம் 7ம் ஒன்றுபோல, 0ம் 6ம் ஒன்றுபோல இருக்கும். 67 × 48இன் இரண்டாவது வரி 268 என்று எழுத வேண்டிய இடத்தில் ஓரிடம் வலப்பக்கம் நகர்ந்து, விடை 804 ஆகியிருக்கும். மதிப்பீடு மூவாயிரத்துக்கு மேல் என்று தலையில் இருந்திருந்தால் 804ஐ எழுத முன்னர் கை நின்றிருக்கும். ஆனால் தலையில் இருந்தது அவசரத்தில் போய்விட்டது.

திருத்தம் மூன்று. கட்டம் போட்ட தாளில் பழகுங்கள், ஒரு கட்டத்துக்கு ஒரு இலக்கம். 7க்கு நடுவில் சிறு கோடு போடப் பழகுங்கள். எந்தப் பெருக்கலுக்கும் மதிப்பீட்டை முதலில் ஓரத்தில் எழுதி வட்டமிடுங்கள், பிறகே பெருக்குங்கள். மூன்றாவதுதான் முக்கியம். தலையில் வைத்திருக்கும் மதிப்பீடு காவல் செய்யாது.

இவை செய்தும் பிழைத்தால் நேரத்தைப் பாருங்கள். வீட்டில் கடிகாரம் இல்லாமல் பழகியிருந்தால் அது பழக்கமே அல்ல. ஏ பகுதியின் 25 வினாவுக்கு 50 நிமிடம் என்று வைத்து முழுதாக எழுதிப் பழகுங்கள். இடையில் நிறுத்தித் திருத்தாதீர்கள்.

வினாவில் இருக்கும் எண்ணையே பிழையாக எடுத்தெழுதினால் அது பெருக்கல் பிழை அல்ல. கரும்பலகையில் இருப்பதையும் பிழையாக எழுதுகிறதா, தாளை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோகிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் வேறு பயிற்சிக்கு முன்னர் கண் பரிசோதனை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் கண் சிகிச்சைப் பிரிவிலோ, பக்கத்து வைத்தியசாலையில் விசாரித்தோ காட்டலாம்.

## அறிகுறி 7: விடை கிட்டத்தட்டச் சரி, ஆனாலும் புள்ளி இல்லை

வினா என்ன கேட்டது என்று பாருங்கள்.

மதிப்பிடுக என்றால் எண்களை முதலில் மட்டந்தட்டி, பிறகு பெருக்க வேண்டும்.

விடையை கிட்டிய நூறுக்கு மட்டந்தட்டுக என்றால் முதலில் சரியாகப் பெருக்கி, கடைசியில் மட்டும் மட்டந்தட்ட வேண்டும். 347 × 52 = 18 044, கிட்டிய நூறுக்கு 18 000. முதலிலேயே 350 × 50 ஆக்கினால் 17 500. இரண்டும் வேறு விடை, இரண்டாவதற்குப் புள்ளி இல்லை.

எதுவும் சொல்லவில்லை என்றால் துல்லியமான விடைதான் வேண்டும். மதிப்பீடு ஓரத்தில் இருக்கட்டும், விடைக்கோட்டில் அல்ல. பீ பகுதியிலும் இரண்டாம் வினாத்தாளிலும் செய்கைக்குப் புள்ளி உண்டு. குறுக்கு வழியில் மனதால் செய்து விடையை மட்டும் எழுதினால், விடை தப்பும்போது செய்கைப் புள்ளியும் சேர்ந்து போகும்.

கூட்டு வட்டியானால் இடையில் மட்டந்தட்டவே கூடாது. 50 000 ரூபாய்க்கு நூற்றுக்கு 8 வட்டியில் மூன்று வருடம் கழித்து 62 985.60. 1.08ஐ 1.1 ஆக்கினால் 66 550. ஒரு சிறு மட்டந்தட்டல் மூன்று தடவை பெருகிவிட்டது. இங்கே மதிப்பீட்டின் இடம் வேறு: மூன்று எட்டு இருபத்துநாலு, எனவே 62 000க்குச் சற்று மேலே வர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைத்து, கடைசியில் ஒப்பிடுவது.

## எப்போது ஆசிரியரிடமோ வேறொருவரிடமோ போக வேண்டும்

முதலில் வீட்டிலேயே ஒரு சோதனை. 6, 7, 8, 9ஆம் வாய்பாடுகளிலிருந்து நாற்பது கணக்கைக் கலந்து எழுதி, இரண்டு நிமிடம் கொடுங்கள். முப்பதுக்குக் குறைவாகச் சரி வந்தால் குறுக்கு வழிகளைக் கொஞ்ச நாள் மூடிவையுங்கள். நாளுக்குப் பத்து நிமிடம், பிழைக்கும் கணக்கை மட்டும் எழுதிப் படிக்கட்டும். பெரும்பாலும் 7 × 8, 6 × 7, 8 × 6, 9 × 7 என்று ஏழெட்டு இடத்தில்தான் தடுக்கும். முழு வாய்பாட்டையும் ஒன்றிலிருந்து ஒப்புவிப்பது நேர விரயம். மூன்று கிழமையில் முப்பத்தைந்தைத் தாண்ட வேண்டும்.

தாண்டினால், மேலே குறித்த தலைப்புக்குத் திரும்புங்கள்.

தாண்டவில்லை என்றாலோ, எட்டாம் தரத்துக்குப் பிறகும் 0.4 பெரிதா 0.38 பெரிதா என்ற கேள்விக்கு 38 பெரிது என்று பதில் வந்தாலோ, பாடசாலைக் கணித ஆசிரியரிடம் போங்கள். இடப்பெறுமானத்தில் ஓட்டை இருக்கிறது. புதிய ரியூசன் வகுப்பு ஒன்றில் சேர்ப்பதால் அது அடைபடாது. அறுபது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இதைக் கண்டுபிடிக்க யாருக்கும் நேரமில்லை. தனியாகச் சொல்லிக்கொடுக்க ஒருவரை வைப்பதானால் இந்த நிலையில் வையுங்கள், அதற்கு முன் காசு செலவழிக்கத் தேவையில்லை.

இலக்கங்களைத் திரும்பத் திரும்ப மாற்றி வாசிப்பது, 36ஐ 63 என்பது, இரண்டு குவியலில் எது அதிகம் என்று சொல்லத் தடுமாறுவது, மற்றப் பாடங்களில் நன்றாக இருந்தும் எண் வரும்போது மட்டும் நின்றுவிடுவது, இவை மாதக்கணக்கில் மாறாமல் இருந்தால் அது முயற்சிக் குறைவு அல்ல. பிள்ளையைத் திட்டுவதை அன்றைக்கே நிறுத்துங்கள். வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரிடம் பாடசாலை ஊடாகப் பேசுங்கள். மட்டக்களப்பு, பட்டிருப்பு, கல்குடா, கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று உங்கள் பாடசாலை எந்த வலயத்தில் இருக்கிறதோ அங்கே. வைத்தியசாலையில் சிறுபிள்ளை வைத்திய நிபுணரிடமும் காட்டலாம்.

யாரிடம் போனாலும் பிள்ளை கணிதத்தில் வீக் என்று மட்டும் சொல்லாதீர்கள். வட்டமிட்ட இரண்டு மாதிரித் தாள்களையும் நாற்பது கணக்குச் சோதனையின் தாளையும் கையில் கொண்டுபோங்கள். எங்கே பிழைக்கிறது என்பதை அவர் அந்தத் தாள்களின் ஓரத்திலேயே கண்டுகொள்வார்.